குதிரையின் இதய ஒலியைப் பதிவு செய்வதும் படித்தறிவதும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர்கள் பல்லைப் பார்த்து வயது கணிக்கிறார்கள், சுழி சுத்தம் பார்க்கிறார்கள், ஓட விட்டுக் கால் பார்க்கிறார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு. ரேக்ளா வண்டியில் பூட்டும் மட்டக்குதிரையானாலும், சவாரிக்கு வைத்திருக்கும் மார்வாரி, கத்தியவாரி குதிரையானாலும், அது எவ்வளவு தூரம் ஈடு கொடுக்கும் என்பதில் இதயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த இதயத்தின் ஒலியை வீட்டிலேயே பதிவு செய்து வைக்க இன்று பெரிய செலவு ஏதும் ஆகாது.

நோய் வந்த பிறகு அவசரமாக எடுக்கும் பதிவைக் காட்டிலும், குதிரை நல்ல நிலையில் இருக்கும்போது நிதானமாக எடுத்து வைத்த பதிவுக்கே மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான கருத்து. நலமான குதிரையின் இதயத்தில் கூடுதல் ஒலிகள் கேட்கும். சில குதிரைகளில் துடிப்பு இடையிடையே விட்டுப் போகும். மெல்லிய இரைச்சலும் இருக்கக்கூடும். இவற்றில் எது அந்தக் குதிரையின் இயல்பு, எது புதிதாக வந்தது என்பதைச் சொல்ல அதன் பழைய பதிவைப் போல் உதவுவது வேறொன்றும் இல்லை. ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு, உங்கள் கட்டுத்தரையில் நிற்கும் குதிரை நன்றாகத் தின்று நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் இந்த நாட்களிலேயே முதல் பதிவை எடுத்துவிடுங்கள்.

காதில் விழப்போவது என்ன

வளர்ந்த குதிரையின் இதயம் ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 முறை துடிக்கும். நாலுகால் பாய்ச்சலில் அது 220, 240 வரை போகும். ஓய்வில் 36 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஒன்றரை வினாடிக்கு மேல் கிடைக்கிறது. மனித இதயத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த நிதானம் முதலில் வியப்பாக இருக்கும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது, ஏனென்றால் ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே பிரித்துக் கேட்க நேரம் இருக்கிறது.

முதல் ஒலி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் உள்ள வால்வுகள் மூடும்போது எழுவது. சற்று நீண்டது, கனத்தது. இரண்டாம் ஒலி, பெருந்தமனி வால்வும் நுரையீரல் தமனி வால்வும் மூடும்போது எழுவது, குறுகியது, கூர்மையானது. இவை இரண்டும் நாம் எல்லோரும் அறிந்த ‘லப்–டப்’. குதிரையில் இவற்றோடு இன்னும் இரண்டு கேட்கலாம். கீழறைக்குள் இரத்தம் வேகமாக இறங்கும்போது இரண்டாம் ஒலியை அடுத்து மெதுவாக எழுவது மூன்றாம் ஒலி. மேலறை சுருங்கும்போது, முதல் ஒலிக்குச் சற்று முன்பாக எழுவது நான்காம் ஒலி. வரிசையாகச் சொன்னால் நான்காவது, முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரும். நான்கும் ஒரே குதிரையில் கேட்டால் அச்சப்பட வேண்டாம். நலமான குதிரையில் அது வழக்கமே. நாயிலோ பூனையிலோ மூன்றாம், நான்காம் ஒலிகள் கேட்டால் மருத்துவர் கவலைப்படுவார். அந்த விதியைக் குதிரைக்குக் கொண்டுவரக் கூடாது.

முதல் ஒலிக்கும் இரண்டாம் ஒலிக்கும் இடைப்பட்ட நேரம் இதயம் சுருங்கும் காலம். இரண்டாம் ஒலியிலிருந்து அடுத்த முதல் ஒலி வரை இதயம் விரியும் காலம். ஓய்வு நிலையில் முன்னது குறுகியது, பின்னது நீண்டது. மேலே படிக்கப் போவது எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

கருவி

பணம் செலவழிக்க முடிந்தவர்கள் மின்னணு ஸ்டெதஸ்கோப் வாங்கிக்கொள்ளலாம். அதில் தாழ்ந்த ஒலிகளுக்கு ஒன்று, உயர்ந்த ஒலிகளுக்கு ஒன்று எனத் தனி அமைப்புகள் இருக்கும். எந்த அமைப்பில் பதிவு செய்தீர்கள் என்பதைத் தவறாமல் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பதிவுகளை ஒப்பிட முடியாமல் போகும்.

குறைந்த செலவில் செய்ய விரும்புகிறவர்கள் ஒரு சாதாரண ஸ்டெதஸ்கோப்பையும், கம்பியுள்ள சிறிய காலர் மைக் ஒன்றையும் வாங்கிக்கொண்டால் போதும். ஸ்டெதஸ்கோப்பின் நெஞ்சுத் தட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, குழாய் இரண்டாகக் கிளைபிரியும் முன்பே வெட்டி, பஞ்சு உறையைக் கழற்றிய மைக்கின் தலையை அந்தக் குழாயின் வாயில் இறுக்கமாகப் பொருத்தி, காற்று புகாதபடி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட வேண்டும். காற்று கசிந்தால் தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும். நமக்கு வேண்டியவையோ அவைதாம், ஏனெனில் இதய ஒலியின் பெரும்பகுதி 20 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. யூடியூப் எடுப்பவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் வயர்லெஸ் மைக்குகள் பலவற்றில் இரைச்சலைத் தானே நீக்கும் வசதி இருக்கிறது; அது இதய ஒலியையும் இரைச்சலென்று எண்ணி நீக்கிவிடும். கைபேசியில் பதிவு செய்யும் செயலியிலும் தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இரைச்சல் நீக்கமும் இருந்தால் இரண்டையும் அணைத்துவிட்டு, கோப்பு வகையாக, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) என்பதைத் தேர்ந்தெடுங்கள். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்று வைத்தால் ஒரு நிமிடப் பதிவு ஏறத்தாழ 5 எம்பி ஆகும்.

கேட்பதற்குக் காதை மூடும் நல்ல ஹெட்போன் கட்டாயம் வேண்டும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் இவ்வளவு தாழ்ந்த ஒலிகளை எழுப்பவே முடியாது; பதிவு நன்றாக இருந்தும் ஒன்றும் பதியவில்லை என்று எண்ணிவிட இடமுண்டு.

அமைதியான நேரம்

நம் கொங்குப் பகுதியில் இதுதான் கடினமான வேலை. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிச் சத்தம் இரவும் பகலும் ஓயாது. அந்த உறுமல் இதய ஒலி இருக்கும் அதே தாழ்ந்த அலைவரிசையில் வந்து கலந்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மைக்கில் மோதினால் பதிவு முழுவதும் புயலாகக் கேட்கும். எனவே சுவர் மறைப்புள்ள சாளைக்குள்ளோ லாயத்துக்குள்ளோ குதிரையைக் கட்டி, மின்விசிறியையும் போர் மோட்டாரையும் நிறுத்திவிட்டு, விடிவதற்கு முன்போ காற்று அடங்கிய முன்னிரவிலோ பதிவு செய்யுங்கள். சந்தைக் களத்தில் பதிவு எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மேளமும் ஒலிபெருக்கியும் ஒருபுறம் இருக்க, லாரியில் வெகுதூரம் வந்து கூட்டத்தில் மிரண்டு நிற்கும் குதிரையின் துடிப்பு அதன் ஓய்வுத் துடிப்பாக இராது.

குதிரை உழைத்த பின்பு அரை மணி நேரமாவது நின்று ஓய்ந்திருக்க வேண்டும். கொள்ளையோ சோளத்தட்டையோ மென்றுகொண்டிருக்கும்போது தாடைச் சத்தம் நெஞ்சு வரை இறங்கும் என்பதால் தீவனத்தைத் தள்ளி வையுங்கள். ஈ மொய்த்தால் குதிரை தோலைச் சிலிர்த்து உதறும். அந்த உதறல் ஒவ்வொன்றும் பதிவில் இடிபோல் விழும். சாம்பிராணிப் புகை போட்டு ஈயை விரட்டுகிறவர்கள் புகை நன்றாகக் கலைந்த பிறகே குதிரையைக் கட்ட வேண்டும்.

எங்கே வைப்பது

பழகிய ஆள் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நிற்கும் அதே பக்கத்தில் நிற்க வேண்டும். குதிரையின் இடது தோளை ஒட்டி நின்றுகொண்டு, ஒரு கையை அதன் முதுகில் வைத்திருங்கள். மண்டியிட்டு உட்காராதீர்கள், தலையை அதன் வயிற்றடிக்குக் கொண்டு போகாதீர்கள். இடது முன்னங்காலை அரை அடி முன்னால் எடுத்து வைக்கச் செய்தால் முழங்கைக்குப் பின்னால் இருக்கும் இடம் திறந்து கிடைக்கும்.

முதலில் உள்ளங்கையை முழங்கைக்குப் பின்புறம், நெஞ்சின் கீழ்ப்பகுதியில் வைத்து இதயம் மோதும் இடத்தைத் தொட்டுணருங்கள். அது ஏறத்தாழ ஐந்தாம் விலா இடைவெளி. அங்கே கேட்பது பெரும்பாலும் இடப்பக்கத்து ஈரிதழ் வால்வின் ஒலி, அதாவது மருத்துவர்கள் மைட்ரல் என்பது. முதல் ஒலி இங்கே ஓங்கி நிற்கும். அங்கிருந்து ஓர் இடைவெளி முன்னால் நகர்ந்து, தோள்மூட்டு மட்டத்துக்குச் சற்றுக் கீழ்வரை ஏற்றினால் பெருந்தமனி வால்வு. இன்னும் ஓர் இடைவெளி முன்னால், சற்றே கீழிறங்கினால் நுரையீரல் தமனி வால்வு. இந்த இரண்டு இடங்களிலும் இரண்டாம் ஒலி ஓங்கிக் கேட்கும். இடம் சரிதானா என்று சோதிக்க அதுவே அடையாளம். இவற்றை எட்ட வேண்டுமானால் தட்டை முன்னங்கால் தசைக்கு அடியில், கக்கத்துக்குள் நன்றாக நுழைத்து முன்னால் தள்ள வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கே தயங்குகிறார்கள். மேலோட்டமாக வைத்துவிட்டு ஒலி மந்தமாக இருக்கிறது என்கிறார்கள். பிறகு வலப்பக்கம் போய், நான்காம் இடைவெளியில், இன்னும் முன்னால் தள்ளி வைத்து மூவிதழ் வால்வைக் கேட்க வேண்டும். வலப்பக்கத்தை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள், கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் பிறவியிலேயே ஓட்டை இருக்கும் குதிரைகளில் இரைச்சல் பெரும்பாலும் வலப்பக்கத்தில்தான் உரக்கக் கேட்கும்.

தட்டு வைக்கும் இடத்தில் முடியைத் தண்ணீர் தொட்டு நனைத்துப் படிய வைத்தால் முடி உராயும் சரசரப்பு அடங்கும். மூன்றாம், நான்காம் ஒலிகளுக்கு மணி போன்ற முகப்பை லேசாக வைத்தும், மற்றவற்றுக்குத் தட்டையான முகப்பை அழுத்தியும் பதிவு செய்யுங்கள்.

ஓர் இடத்துக்கு ஒரு முழு நிமிடமாவது பதிவு வேண்டும், ஏனென்றால் துடிப்பு விட்டுப் போகும் குதிரையில் அந்த இடைவெளி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் குதிரையின் பெயர், நாள், பக்கம், இடம் ஆகியவற்றை வாயால் சொல்லிவிட்டு, பிறகு பேசாமல் கையை அசைக்காமல் நில்லுங்கள். அதே நேரத்தில், குதிரையைப் பிடித்திருப்பவர் கீழ்த்தாடை எலும்பின் ஓரத்தில் ஓடும் நாடியை விரலால் தொட்டு எண்ணட்டும். இதயத்தில் எண்ணிய துடிப்பும் நாடியில் எண்ணியதும் ஒத்து வராவிட்டால் அதையும் குறிப்பில் எழுதுங்கள். மூச்சு எண்ணிக்கை, ஈறின் நிறம், ஈறை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்பது ஆகியவையும் அதே தாளில் இருக்கட்டும்.

பதிவைப் படித்தல்: முதலில் தாளம்

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஒலி அலையாகத் தெரியும். மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, அதில் 500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிகட்டி, ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரட்டை இரட்டையாக முட்கள் எழுந்திருக்கும். குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து நிற்பவை முதல் ஒலியும் இரண்டாம் ஒலியும். அதன் பின் வரும் நீண்ட வெற்றிடம் விரியும் காலம். துடிப்பு 70, 80 என்று ஏறிவிட்டால் இரண்டு இடைவெளிகளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அப்போது கண்ணை நம்ப முடியாது, நாடியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். நாடி முதல் ஒலியை அடுத்து, சற்றே தாமதித்து விரலுக்கு வரும்.

எதையும் பெயரிட்டு அழைக்கும் முன் ஒரு முதல் ஒலியிலிருந்து அடுத்த முதல் ஒலி வரை உள்ள நேரத்தை இருபது துடிப்புகளுக்காவது அளந்து எழுதுங்கள். கோபி பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதிவு செய்த வெள்ளைப் பெண்குதிரையின் கோப்பில் 1.7, 1.7, 1.8 வினாடி என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அளவு, திடீரென்று 3.4 என்று வந்தது. அந்த வெற்றிடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தபோது, முதல் ஒலி வந்திருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சிறு மேடு தெரிந்தது. ஹெட்போனில் அது தொலைவில் ஒரு மூட்டையைக் கீழே வைத்தாற்போல் மெத்தென்று கேட்டது. அதுவே துணையின்றித் தனியே நின்ற நான்காம் ஒலி. மேலறை சுருங்கியிருக்கிறது, ஆனால் அந்த உத்தரவு கீழறைக்குப் போய்ச் சேரவில்லை. மருத்துவர்கள் இதை இரண்டாம் நிலை மின்தடை என்கிறார்கள். ஓய்வில் நிற்கும் குதிரைகளில் மிக அதிகமாகக் காணப்படும் தாள மாற்றம் இதுதான். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி ஓய்வில் வலுவாக இருப்பதால் வருவது. இதைக் காரணம் காட்டி ஒரு நல்ல குதிரையைக் கழித்துவிடுவது அநியாயம். கையில் பிடித்துச் சில நிமிடம் துள்ளுநடையில் ஓட்டி, நின்றவுடன் மறுபடி பதிவு செய்தால் இடைவெளிகள் மறைந்து தாளம் ஒழுங்காகிவிடும். மறையாவிட்டால், அல்லது ஓய்வில் இரண்டு மூன்று துடிப்புகள் தொடர்ந்து விட்டுப்போனால், மருத்துவர் பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, அளவுகள் 1.1, 2.3, 0.9, 1.6 என்று எந்த ஒழுங்கும் இன்றி வந்து, நான்காம் ஒலி எங்குமே கேட்காமல், முதல் ஒலியின் உரப்பும் துடிப்புக்குத் துடிப்பு மாறினால் அது மேலறை நடுக்கமாக இருக்கலாம். மொத்தத் துடிப்பு 36, 40 என்று இயல்பாகவே இருக்கும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்ட குதிரை சாதாரண நடையில் குறை தெரியாமல் இருந்துவிட்டு, பந்தயத்தில் பாதித் தூரத்தில் சோர்ந்துவிடும். ஓட்டிய பிறகும் இந்த ஒழுங்கின்மை போகாது. இசிஜி எடுத்து உறுதி செய்யும் வரை அந்தக் குதிரையை வண்டியில் பூட்டக் கூடாது. குணப்படுத்த மருந்தும் மின்சிகிச்சையும் இருக்கின்றன, ஆனால் தாமதம் கூடக்கூட அவை பலிக்கும் வாய்ப்பு குறையும்.

பிறகு இரைச்சல்

ஒலிகளுக்கு இடையில் அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் ‘உஸ்’ என்றோ ‘ர்ர்’ என்றோ கேட்பதை மர்மர் என்பார்கள். அதைப் பற்றி நான்கு விவரங்கள் எழுத வேண்டும்: சுருங்கும் காலத்திலா விரியும் காலத்திலா, எந்த இடத்தில் உரத்துக் கேட்கிறது, அந்தக் காலத்தில் எவ்வளவு நேரத்தை நிரப்புகிறது, எவ்வளவு உரப்பு. உரப்பை 1 முதல் 6 வரை அளப்பது வழக்கம். நெடுநேரம் உற்றுக் கேட்டால் மட்டும் தெரிவது 1. கையை வைத்தாலே அதிர்வு தட்டுப்படுவது 5. தட்டை நெஞ்சிலிருந்து சற்று விலக்கினாலும் கேட்பது 6. பதிவில் ஒலியைக் கூட்டிவிட்டு உரப்பை மதிப்பிடக் கூடாது. காதால் நேரே கேட்டபோதே அந்த எண்ணைக் குறித்துவிட வேண்டும்.

இடப்பக்கம் முன்பகுதியில், சுருங்கும் காலத்தின் தொடக்கத்தில் மெல்லியதாக எழுந்து, இரண்டாம் ஒலிக்கு முன்பே அடங்கிவிடும் இரைச்சல் பெரும்பாலும் இரத்தம் வேகமாகப் பாய்வதால் வருவது. வால்வில் குறை இருக்க வேண்டியதில்லை. காய்ச்சல், வயிற்றுவலி, இரத்தசோகை ஆகியவற்றில் இது தோன்றி, உடல் தேறியதும் மறையும். குடற்புழுவும் உண்ணியும் நம் பகுதிக் குதிரைகளை வாட்டுவதால், ஈறு வெளுத்த குதிரையில் இப்படிக் கேட்டால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுவேன். நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக் குதிரைகளில் வலப்பக்கத்து மூவிதழ் வால்வில் சிறு கசிவு இரைச்சல் கேட்பதும் பரவலானதே.

இடது ஐந்தாம் இடைவெளியில் சுருங்கும் காலம் முழுவதையும் நிரப்பி, உரப்பு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈரிதழ் வால்வு கசியலாம். எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே உழைப்பைப் பற்றி முடிவு செய்ய வேண்டும். வயதான குதிரையில் இரண்டாம் ஒலியை ஒட்டித் தொடங்கி விரியும் காலத்தில் தேய்ந்துகொண்டே போகும் இரைச்சல் பெருந்தமனி வால்வின் கசிவைக் காட்டும். சில சமயம் அது ரீங்காரமாகவே கேட்கும். தாடை நாடி விரலைத் தூக்கி எறிவதுபோல் துள்ளினால் கசிவு பெரிது. திருமண ஊர்வலத்துக்கும் குழந்தைகளை ஏற்றுவதற்கும் வயதான, சாதுவான குதிரைகளையே நாம் தேர்ந்தெடுக்கிறோம். அவற்றை ஆண்டுக்கொரு முறையாவது இப்படிக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். பிறந்து சில நாட்களே ஆன குட்டியில் இரைச்சல் கேட்டால் பதறாமல், ஒரு வாரம் கழித்து மறுபடி பதிவு செய்து பாருங்கள். ஆனால் குட்டி பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

ஓய்வில் துடிப்பு 60-க்கு மேல் நீடித்தால், இதயத்தைவிட வயிற்றுவலி, காய்ச்சல், நீரிழப்பு ஆகியவற்றையே முதலில் ஐயப்பட வேண்டும். எதுவாயினும் அன்றே மருத்துவர் வர வேண்டும். கழுத்துச் சிரை புடைத்து நிற்பது, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அடியில் நீர் கோத்து வீங்குவது, இதய ஒலி முன்பு இருந்ததைவிட மிகவும் மந்தமாகிப் போவது ஆகியவையும் அப்படியே.

நம் வட்டாரத்துக்கே உரிய இரண்டு ஆபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று அரளி. சேலம் பனமரத்துப்பட்டிப் பக்கம் பூவுக்காகத் தோட்டம் தோட்டமாக வளர்க்கப்படுகிறது. நெடுஞ்சாலை நடுவிலும் வரிசையாக நிற்கிறது. இலை காய்ந்தாலும் நஞ்சு போகாது. அது இதயத்தின் தாளத்தையே நேராகத் தாக்கும். கோயில் மாலைகளைக் கழற்றிக் குதிரையின் முன் போடாதீர்கள். மற்றொன்று கோழித் தீவனம். நாமக்கல், பல்லடம் பகுதிகளில் எளிதில் கிடைப்பதால் மிச்சத் தீவனத்தைக் குதிரைக்குக் கலந்து வைக்கும் எண்ணம் வரலாம். கோழிகளின் இரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கப்படும் மோனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்குத் தீங்கு செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். மோனென்சின் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் சேர்ந்தாலே குதிரை சாகக்கூடும். பிழைத்தாலும் தசையில் விழுந்த தழும்பு பின்னாளில் ஓடும்போது அதன் உயிரை வாங்கிவிடலாம். இந்த இரண்டில் ஒன்றைத் தின்ற குதிரையின் துடிப்பு தாறுமாறாகக் கேட்டால் அதைத் துளியும் நடக்க விடாமல் நிறுத்தி வைத்து, தின்ற தீவனத்தின் மாதிரியையும் மூட்டையின் மேலிருக்கும் சீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள். பதிவு எடுக்க அங்கே நேரம் செலவழிக்க வேண்டாம்.

மற்ற நேரங்களில், உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடமோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டப் போகும்போது புதிய பதிவோடு பழைய பதிவையும், துடிப்பு அளவுகள் எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள். நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. இடம், காலம், உரப்பு ஆகியவற்றைச் சொன்னால் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்பாதீர்கள். அது ஒலியைச் சுருக்கித் தாழ்ந்த பகுதியைச் சிதைத்துவிடும். மூல வேவ் கோப்பை டாக்குமெண்டாக இணைத்து, கோப்பின் பெயரில் குதிரையின் பெயர், நாள், பக்கம், விலா இடைவெளி ஆகிய நான்கும் இருக்கும்படி அனுப்புங்கள்.